பூனாவுக்குப் போகும் கடைவாய்ப்பல்

திருத்தணி,
1948 நவம்பர், ஞாயிறு மத்தியானம்

என் கண்ணான மகள் கிருபாவுக்கு நைனா எலியேசர் எழுதுவது. ஆண்டவர் தயவால் நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அந்தப் பூனாக் குளிரில் இருமல் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று இரண்டு வேளையும் ஜெபிக்கிறோம். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே அம்மா. இது போஸ்ட்மாஸ்டர் வேதாசலம் எழுதித் தந்ததல்ல, நானே எழுதுவது. தண்டவாளம் கோணாமல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தே கிழவனானவனுக்கு ஒரு வரி நேராக வரமாட்டேன் என்கிறது. சில எழுத்து தடித்தும் சில எழுத்து செத்தும் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. உபதேசியார் எலியாஸ் முதியோர் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதான் இதெல்லாம். மண்ணெண்ணெய் ரேஷன் என்பதால் பகலில்தான் எழுதுகிறேன்.

உன் போன கடிதத்தை நானே படித்தேன், யாரிடமும் கொடுக்கவில்லை. எழுத்தெழுத்தாகக் கூட்டி முடிப்பதற்குள் கஞ்சி ஆறிப்போயிற்று, ஆனால் எனக்கிருந்த சந்தோஷத்தில் பசி தெரியவில்லை. படித்த பிறகுதான் சந்தோஷம் குறைந்தது. கடிதம் முழுக்க நீங்கள் மண்ணைத் தோண்டி எடுத்த அந்த எலும்புக்கூட்டுப் பெரியவர்தான் இருக்கிறார். இரும்பும் செம்பும் தெரியாமல் கல்லைத் தேய்த்துக் கோடாலி செய்த காலத்து மனிதர் என்கிறாய், பெரியவர் என்பது குழி வெட்டிய கூலியாட்கள் வைத்த பேர் என்கிறாய், சரி. அவர் முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்திருந்தது, தலைமாட்டில் ஒரு மண்கலயம் இருந்தது, கணுக்கால் எலும்பின் தேய்மானத்தைப் பார்த்தால் எப்போதும் குந்தியே உட்கார்ந்தவர் என்று தெரிவது, வலது தோளெலும்பு தடித்திருப்பதால் அந்தத் தோளில் சுமை சுமந்தவர், அம்மிக்கல்லின் மண் விழுந்த மாவைத் தின்று கடைவாய்ப்பல் தேய்ந்துபோனது, எல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். கடைசியில் நைனா சுகமா என்று ஒரு வரி. நானும் குந்தித்தான் உட்காருகிறேன். எனக்கு எந்த முழங்கால் வலிக்கிறது என்று உனக்குத் தெரியுமா? எங்கள் ரயில்வே கேங்கில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலீப்பர் கட்டை தூக்க மேஸ்திரி வலத்தோள் ஆள், இடத்தோள் ஆள் என்று பிரித்துத்தான் நிறுத்துவார். நான் எந்தத் தோள் ஆள் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. இடத்தோள். அங்கே இன்னும் கழுத்துப் பக்கம் ஒரு மேடு இருக்கிறது.

அந்தப் பெரியவர் ஆதாமுக்கு எவ்வளவு காலம் பிந்தியவர் என்று உபதேசியாரைக் கேட்டேன். “அது இன்னாத்துக்கு நமக்கு எலியேசரு, நீ மொதல்ல றகரத்த ஒழுங்கா போடு” என்று சொல்லிவிட்டார். நீ அந்தத் தலையை மடியில் துணி விரித்து வைத்துக்கொண்டு மெல்லிய தூரிகையால் மண் தட்டி, உடைந்த சில்லுகளை மெழுகு வைத்து ஒட்டுவதாக எழுதியிருந்தாயே, அந்த இடத்தை உன் அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். என் குரல் எப்படி இருந்ததோ, உன் அம்மா தபிதாள் முறத்தில் புடைப்பதை நிறுத்திவிட்டாள். “செத்துப்போன மனுசன் கூட போட்டி போட்டுகினு கீறியே, வெக்கமா இல்ல?” என்று கேட்டாள். “செத்தவன்னா இன்னா, என் பொண்ணு மடியில தலைய வச்சிகினு கீறானே” என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் முறத்திலிருந்த உளுந்து தரையெல்லாம் சிதறியது. நான்தான் பொறுக்கினேன், குந்தி உட்கார்ந்து.

ஆனால் அதற்கடுத்த பக்கம் படித்ததும் அவளும் சிரிக்கவில்லை. மண்டையோட்டு வேலை முடியாததால் இந்தக் கிறிஸ்துமஸுக்கும் வர முடியாது என்று எழுதியிருக்கிறாய். போன வருஷமும் வரவில்லை. பம்பாயிலிருந்து வரும் மெயில் உங்கள் பூனாவைப் பார்த்துவிட்டுத்தான் நம் வீட்டுக்குப் பின்னால் தடதடவென்று போகிறது. அந்த இஞ்சினைப் பார்த்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அந்தக் கோபத்தோடு வறுத்த வேர்க்கடலையைக் கடித்தேன், ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப்பல் கையோடு வந்துவிட்டது. “கூரை மேல வீசு, பச்சப்புள்ள மாதிரி மறுபடி மொளைக்கும்” என்று உன் அம்மா கேலி செய்தாள். நான் வீசவில்லை. உப்புத் தண்ணீரில் கழுவி, பஞ்சில் சுற்றிக் கவரில் போட்டு, உன் விலாசத்தை நானே எழுதி, நேற்றுத் தபாலாபீசுக்குக் கொண்டுபோனேன். வேதாசலம் கவரை அழுத்திப் பார்த்து, “உள்ள இன்னாய்யா கல்லாட்டம் கீது?” என்றார். பல்லுங்க என்றேன். “யாரு பல்லு?” என்னுதுதாங்க என்றேன். கவரைக் கீழே வைத்துக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “பல்லு மட்டும் போனா அந்தப் பொண்ணு நைனாவுக்கு இன்னாவோ ஆயிடுச்சின்னு பயந்துக்காதா? கூட ஒரு கடுதாசி வைய்யி. நான் எழுதித் தரட்டா?” என்று கேட்டார். வேணாங்க, நானே எழுதிக்குவேன் என்று கவரை எடுத்துக்கொண்டு தலையை நிமிர்த்தி வந்துவிட்டேன். அதுதான் இந்தக் கடிதம்.

ஆகவே பயப்படாதே. பல்லைப் பெரியவரின் பல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார். அவர் பல்லில் சொத்தையே இல்லை என்று மெச்சியிருந்தாய். என் பல்லில் பெரிய சொத்தை இருக்கிறது, கறையும் இருக்கிறது. வெல்லம் எவ்வளவு தின்றேன், வெற்றிலை எவ்வளவு போட்டேன் என்று கண்டுபிடித்து எழுது. அவரைப் பற்றி எழுதிய அளவுக்கு என்னைப் பற்றியும் எழுத வேண்டும், ஒரு வரி குறையக் கூடாது. தோளையும் முழங்காலையும் கவரில் வைக்க முடியாது. அவற்றை நீதான் வந்து பார்க்க வேண்டும். இத்தனை காலம் காத்திருந்தவர் இன்னும் பத்து நாள் காத்திருக்க மாட்டாரா? உன் புரொபசரிடம் கேள். தயங்கினால் நைனாவுக்குப் பல் விழுந்துவிட்டது என்று சொல், பொய்யில்லையே. மெயில் இங்கே நிற்காது, அரக்கோணத்தில் இறங்கு, நான் வந்து நிற்பேன்.

எலும்பைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சோற்றில் வைக்காதே. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போ. அம்மா வேர்க்கடலைப் பொடி இடித்து வைத்திருக்கிறாள், அனுப்ப மாட்டாளாம், வந்து தின்ன வேண்டுமாம். ஆண்டவர் உன் கண்ணையும் கையையும் காப்பாராக. அந்தப் பெரியவருக்கும் நல்ல இளைப்பாறுதல் கிடைக்கட்டும், எனக்கு அவர்மேல் வேறு கோபம் ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன் கிருபா, உன் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறாரே தவிர, இதுவரை உனக்கு ஒரு வரி எழுதியிருப்பாரா? நான் எழுதிவிட்டேன். அடுத்த ஞாயிறும் எழுதுவேன்.

உன் நைனா
எலியேசர்