முள்வேலியை எடுக்கச் சொன்னது நான்தான்

என் பிரியமுள்ள அக்காவுக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. இன்று காலையில்தான் ஊர் எல்லையில் போட்டிருந்த முள்வேலியை எடுத்தார்கள். எடுக்கச் சொன்னது நான். அதை வேறு யாரும் சொல்லி நீ கேட்கக் கூடாது.

காலராவில் நீ போன மறுநாளே, பஞ்சாயத்து மெம்பரான உன் வீட்டுக்காரர் ஊரை அடைத்துவிட்டார். வெளியார் வரக் கூடாது, நம்மவர் போகக் கூடாது. பொதுக்கிணற்றையும் மூடினார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நோய் நின்றதும் அதனால்தான்.

ஆனால் அக்கா, கடைசியாகப் படுத்தவர் எழுந்து நடமாடி மூன்று வாரமாகியும் வேலி அப்படியே இருந்தது. நாரணாபுரத்துத் தீப்பெட்டிக் கம்பெனிக்கு ஒருவரும் போகவில்லை. பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை. உன் கூட்டாளி மாரியம்மாவுக்குப் பால் வற்றிவிட்டது. கைக்குழந்தைக்குக் கஞ்சித் தண்ணீர் ஊட்டினாள். அந்தப் பிள்ளையைப் பார்த்திருந்தால் நீ பேசாமல் இருந்திருப்பாயா?

நேற்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றேன்.

“அத்தான், இனிமே தெறந்து விடுங்க.”

“தெறந்து விட்டு இன்னொரு உசுரு போனா, நீயா கொண்டாருவ?”

“போகாதுன்னு நான் சத்தியம் பண்ணல. பசியிலயும் உசுரு போகும்ல? சீக்கு வந்தது கெணத்துத் தண்ணியில. சுகாதார இன்ஸ்பெக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் அத மூடியே வைங்க. காலரா ஊசி போட்டுக்கிட்டவுக வேலைக்குப் போகட்டும்.”

அத்தான் தலை குனிந்துகொண்டார். “ரெண்டு நா முந்தி கெணத்த மூடியிருந்தா ஒங்கக்கா இருந்திருப்பா” என்றார்.

அவர் இத்தனை நாளும் இதைத்தான் சுமந்திருக்கிறார். எனக்கு அப்போதுதான் புரிந்தது.

“நீங்க அடச்சதுனாலதான் நாங்க அம்புட்டுப் பேரும் இருக்கோம்” என்றேன். “அதுக்காக அடச்சே வச்சிருக்க முடியுமா?”

காலையில் முதல் முள்ளை அவரே இழுத்துப் போட்டார். கை கீறி ரத்தம் வந்தது, துடைக்கவில்லை. மாரியம்மா முதல் ஆளாக வேலைக்குக் கிளம்பினாள். உன் மகள் செல்வி பள்ளிக்கூடத்துக்குப் போனாள். மத்தியானம் இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

நான் சொன்னது சரி என்றுதான் நம்புகிறேன். ஆனாலும் தினமும் வீடு வீடாகப் போய் விசாரிப்பேன். ஒரே ஒருவருக்கு வயிற்றால் போனாலும், அன்றைக்கே வேலியை மறுபடி போடச் சொல்லி முதல் முள்ளை நானே வெட்டிக்கொண்டு வருவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
காளீஸ்வரி