சர்க்கரை டப்பாவில் சாய்த்த போன்

அன்புள்ள பெரியவளுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீயும் நலம் என்று தினமும் போனில் சொல்கிறாய், அதில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டதால்தான் இந்தக் கடிதம். ஏன் போனிலேயே கேட்கக் கூடாதா என்பாய். கேட்டால் அதையும் பதிவு பண்ணிக்கொள்வாயே, அதனால்தான் காகிதம். காகிதத்துக்குச் சத்தம் கிடையாது. தம்பி தூங்கிவிட்டான், அப்பா பாதித் தூக்கத்தில் இன்னும் என்ன எழுதுகிறாய் என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டார்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். உன் அப்பாவுக்கு இப்போது புதுப் பைத்தியம் பிடித்திருக்கிறது. சாப்பிட்ட கையைக் கழுவினாரோ இல்லையோ, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூலை நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். தனியாகச் சிரிக்கிறார். நான் பக்கத்தில் போனால் திரையைத் திருப்புகிறார். எனக்கு எப்படி இருக்கும், நீயே சொல். ஒருநாள் பின்னாலிருந்து போய் எட்டிப் பார்த்தால், ஒரு ஆள் மரம் அறுக்கிற ரம்பத்தை முழங்காலில் இடுக்கிக்கொண்டு வில்லால் வாசித்துக்கொண்டிருக்கிறார், அது பேய் அழுகிற மாதிரி அழுகிறது. இன்னொன்றில் நிறம் வெளுத்த பழைய வீடியோ, தொழிற்சாலைப் பெண்கள் வரிசையாக நின்று காலி எண்ணெய் டின்களைத் தட்டுகிறார்கள். இதை எதற்கு ஒளித்துப் பார்க்கிறீர்கள் என்றேன். நீ திட்டுவேன்னுதான், வந்து உக்காந்து ஒண்ணு கேளேன், காது திறக்கும் என்றார். காலையிலிருந்து மாலை வரை அடுத்தவர் காதைத்தானே திறந்து பார்க்கிறேன், போதும் என்றேன். ஆனாலும் உட்கார்ந்தேன், ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் வைத்தார். அப்போதுதான் தானாக அடுத்த வீடியோ ஓடியது. படமே இல்லை, சாம்பல் நிறத் திரை, “காலைநேரச் சமையலறை, தூக்கம் வராதவர்களுக்கு” என்று தலைப்பு. உள்ளே ஒரு துணி துவைக்கிற மெஷின் ஆடுகிறது. தடக், தடக், பிறகு தரையில் ஒரு இழுப்பு. நம்ம மெஷின் மாதிரியே இருக்கே என்றேன். எல்லா வீட்டு மெஷினும் அப்படித்தாம்மா ஆடும் என்று அப்பா அடுத்ததற்குப் போய்விட்டார்.

அவர் விடலாம், நான் விடுவேனா. மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் கிளினிக்கில் காது கேட்கிறதா என்று சோதிக்கிற, சத்தம் புகாத அந்தக் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நோயாளிகளுக்கு மாட்டுகிற ஹெட்போனை நானே மாட்டிக்கொண்டு கேட்டேன். மெஷினுக்குப் பின்னால் மாடி வீட்டு டியூஷன் டீச்சரின் பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாடு சொல்கிறார்கள், ஒரு குரல் மட்டும் எல்லாரையும் முந்திக்கொண்டு அறுபத்து மூன்றுக்கு ஓடுகிறது. அந்த அவசரக்குடுக்கையை எனக்குத் தெரியாதா! உடனே நீ படிக்க வெளிநாடு போகுமுன் ஆசைக்குப் பதிவு பண்ணி வைத்திருப்பாய் என்றுதான் நினைத்தேன். ஆனால் கடைசியில் தண்ணீர்த் தொட்டி நிறைந்ததும் கத்துமே அந்த அலாரம், அது கத்தியது. அதை நாங்கள் வாங்கியதே நீ போன பிறகு. யாரோ நம் சமையலறையில் எதையோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று முடிவே பண்ணிவிட்டேன். போன மாதம் வந்த மெஷின் மெக்கானிக், மாடி டீச்சர், கொஞ்ச நேரம் உன் அப்பா, யாரையும் விடவில்லை. வீட்டுக்கு வந்து சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினேன், மாவு டப்பாவைக் கவிழ்த்தேன், அடுப்பு மேடைக்கு அடியில் டார்ச் அடித்தேன். என்ன போலீஸ்காரம்மா, திருடன் கிடைச்சானா என்று அப்பா வாசலில் நின்று கேலி பண்ணினார். தம்பி மாவில் வழுக்கி விழுந்தான்.

மறுபடி கேட்டபோதுதான் புரிந்தது. மெஷின் வேகமெடுக்கும்போதெல்லாம் மிகப் பக்கத்தில், காதுக்குள்ளேயே, கிர்ர் என்று ஒரு தகர மூடி நடுங்குகிறது. சர்க்கரை டப்பா மூடி. அதை அவ்வளவு பக்கத்திலிருந்து கேட்கக்கூடியது, காலையில் உன்னோடு பேச அதில் சாய்த்து வைக்கும் என் போன் மட்டும்தான். போனின் அந்தப் பக்கம் இருப்பது நீ. அம்மா, போனை அப்படியே வச்சுட்டு உன் வேலையைப் பாரு, நான் படிச்சுக்கிட்டே இருக்கேன் என்பாயே. என் பெண்ணுக்கு என் மேல் எவ்வளவு பாசம் என்று கிளினிக் முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். நீ என்னைப் பார்க்கக் கூப்பிட்டாயா, மெஷினைக் கேட்கக் கூப்பிட்டாயா?

இன்னொன்று. அதே இடத்தில் நீ போட்டிருக்கும் மற்றதையும் கேட்டேன், எல்லாப் பதிவிலும் இடையிடையே சத்தம் தாவுகிறது. சும்மா இருக்கிற அமைதிக்கும் வெட்டி ஒட்டிய அமைதிக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும், அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். அங்கெல்லாம் நான் பேசியிருப்பேன். குக்கர் இருக்கிறது, குழாய் இருக்கிறது, தம்பியின் தும்மல்கூட இருக்கிறது, என்னை மட்டும் காணோம். என் குரல் அவ்வளவு கண்றாவியா? அப்பா சொல்கிறார், உன் திட்டை ஊருக்கெல்லாமா போட்டுக் காட்டுவா, அவளுக்குன்னு எடுத்து வச்சிருப்பா என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்படியே இருந்தால் அந்தத் துண்டுகளை எனக்கு அனுப்பி வை, பார்க்கிறேன்.

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. அந்த வீடியோவுக்குக் கீழே யாரோ, நீங்களும் இதைக் கேட்டுத்தான் தூங்குவீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். ஆமா, பல நாள் இதுவும் உதவாது, விடியுற வரைக்கும் முழிச்சுக் கிடப்பேன் என்று நீ பதில் எழுதியிருக்கிறாய். முன்பின் தெரியாத ஒருவருக்கு அதைச் சொல்ல முடிகிறது, எனக்கு மட்டும் “நல்லா தூங்குறேம்மா”. எங்களுக்குக் காலை என்றால் உனக்கு நடு ராத்திரி என்பதுகூடத் தெரியாதவளா நான்? பரீட்சை என்றாய், நம்பினேன். என் கண்ணாடி அறையில் சிலர் நான் சத்தமே கொடுக்காதபோதும் கேட்டுவிட்டதாகப் பொத்தானை அமுக்குவார்கள். ஏமாற்ற இல்லை, நம்மைச் சந்தோஷப்படுத்த. அவர்களைத்தான் நான் மறுபடி உட்கார வைத்துச் சோதிப்பேன். இருபது வயதில் உன்னைப் பெற்றவள், எனக்கும் உனக்கும் பெரிய வயசு வித்தியாசம் ஒன்றும் இல்லை, என்னிடம் பொத்தான் அமுக்காதே. அறைத்தோழியோடு ஏதாவது மனஸ்தாபமா, படிப்பு பிடிக்கவில்லையா, யாராவது ஏதாவது சொன்னார்களா, எதுவானாலும் சொல். கல்லூரி மருத்துவரை இந்த வாரமே போய்ப் பார். ராத்திரி காபி குடிக்காதே. நீ வா என்றால் அடுத்த விமானத்தில் கிளம்பி வந்துவிடுவேன், லீவு கேட்டு வைத்துவிட்டேன்.

நேற்று அப்பா மெஷினின் குட்டைக் காலுக்குப் புதிதாக ரப்பர் கட்டை வாங்கி வந்தார், இனிமே ஆடாது பாரு என்று. வேண்டாம், அடியில் வைத்த அந்த மடித்த அட்டையே இருக்கட்டும் என்றேன். இத்தனை நாளா ஆடுது ஆடுதுன்னு என் உயிரை எடுத்தது யாரு என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். நீ தூங்காமல் கிடப்பதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

நன்றாக இரு, நிம்மதியாகத் தூங்கு, எந்தக் குறையும் உன்னை அண்டாமல் இருக்கட்டும். இது கைக்கு வந்த மறுநாள் கூப்பிடு. போனை அதே சர்க்கரை டப்பாவில்தான் சாய்த்து வைப்பேன், மெஷினும் போடுகிறேன். முதலில் மட்டும் நேற்று தூங்கினாயா என்று கேட்பேன், உண்மையைச் சொல்ல வேண்டும். வேண்டுமானால் அந்த இடத்தை வெட்டிக்கொள்.

இப்படிக்கு,
உன்னை இன்னும் முழுதாக நம்பாத,
அம்மா