ஃபர்ஹாவின் தையல் மிஷின்

அன்புள்ள அப்பாவுக்கு,

மதுரையில் நான் நலம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

கொடுக்க நினைப்பவர்களையும் சிறு இல்லங்களையும் சேர்த்துவைப்பதுதான் எங்கள் அறக்கட்டளையின் வேலை. சிம்மக்கல் கடைக்காரர் ஜுல்பிகர், இறந்துபோன மகள் ஃபர்ஹாவின் தையல் மிஷினைத் தந்தார். யார் கொடுத்தது என்று சொல்லக் கூடாது என்றார். செல்லூரில் பார்வையற்ற பெண்கள் இல்லத்தில் இறக்கிவைத்தேன். யாரிடமும் பெயர் சொல்லவில்லை.

அங்கிருக்கும் ராக்கம்மாள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஃபர்ஹா இங்கனதான் நிக்கிது. அத்தாவைப் பாக்கணுமாம், வரச் சொல்லு தாயி" என்றார்.

சொன்னேன். மறுநாளே ஜுல்பிகர் வந்தார். ராக்கம்மாள் காட்டிய காலி ஸ்டூலுக்கு எதிரே உட்கார்ந்து, "அத்தா வந்துட்டேம்மா" என்று அழுதார்.

பயப்படாதீர்கள் அப்பா. அம்மா கடைசியாகக் கட்டியிருந்த சேலையை மட்டும் உடனே பார்சலில் அனுப்புங்கள். ராக்கம்மாள் கையில் கொடுக்க வேண்டும்.

அவசரமாக,
தமிழ்வாணி