பீப்பாய்கள் தீரவில்லை

அயர்லாந்து, அக்டோபர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

பிரிட்டோ வணக்கத்துடன் எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? பொன்மலையில் மழை உண்டா? அம்மா எப்போதும் பக்கத்தில் இருப்பதால் இதைப் போனில் சொல்ல முடியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு என்னால் வர முடியாது. எங்கள் ஆலை விஸ்கிக்குக் கிராக்கி கூடிவிட்டது. வருஷக்கணக்கில் ஊறி முதிர்ந்த சரக்குப் பீப்பாய்கள் டிசம்பருக்குள் தீர்ந்துவிடும், ஆலையை ஒரு மாதம் மூடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் வருவதாகச் சொன்னேன். போன திங்கட்கிழமை வேறு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். தண்ணீரைக் கூட்டி, நாற்பத்தைந்து சதவீத ஆல்கஹாலை நாற்பத்திரண்டாகக் குறைத்தார்கள். இருக்கிற சரக்கு இனிப் போதும். ஆலை மூடாது, லீவும் கிடையாது. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டவன் நான்தான். கூட வேலை பார்க்கும் மணப்பாறை முருகானந்தம், "நம்ம ஊர்ப் பால்காரரை எவ்வளவு திட்டியிருப்போம், பாவம்ணே" என்றான். நானும் சிரித்தேன்.

அடுத்த லீவு அடுத்த வருஷக் கடைசியில்தான். அம்மாவின் நினைவு அதுவரை தாங்காது என்று உங்களுக்கும் தெரியும். போன ஞாயிறு வீடியோவில் என்னைப் பார்த்து, "யாருங்க இவரு, பட்டறையில உங்ககூட வேலை பார்த்தவரா?" என்று உங்களிடம் கேட்டார்களே. நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு சின்ன வேலை. பீரோவில் என் காலேஜ் போட்டோ இருக்கும். அம்மா கண்ணில் படும் இடத்தில் மாட்டிவிடுங்கள். ஞாயிறு கூப்பிடும்போது அவர்களை வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.

போட்டோவில் இருப்பது போலவே மீசையை எடுத்துவிட்டேன்.

பிரிட்டோ