அழைப்பிதழில் இவர் பெயர்

ஏப்ரல் 11, சனி

காலையில் பனித்தூறல். இந்தக் குளிர் நாட்டில் ஏப்ரலிலும்! மோர்னிங்சைட் வீதியில் பஸ்ஸுக்கு நின்று மூக்கு விறைத்துப்போனது. ஆனாலும் வாய் முழுக்கச் சிரிப்பு. அபிக்கு மண்டபம் கிடைத்துவிட்டது. மார்க்கம் நகரில், யூன் கடைசிச் சனி. என் மகளுக்குக் கலியாணம்!

செய்ய: பிளவுஸ் அளவு. மேளகாரர். அழைப்பிதழ். பலகாரத்தில் பயித்தம்பணியாரம் மட்டும் நானே; மற்றதெல்லாம் கடை.

மாப்பிள்ளை நிரூஷ் போனில்: "அன்ரி, பணியாரம் அன்லிமிட்டெட்தானே?" கள்ளன்.

ஏப்ரல் 13, திங்கள்

அச்சகத்திலிருந்து போன். "அக்கா, பொம்பிளையின்ர தகப்பன்ர பேருக்கு முன்னால 'காலஞ்சென்ற' போடவோ?"

வேண்டாம் என்றேன். "அப்ப அவர் வருவாரோ?" தெரியாது என்றேன். பாவம், மனுசன் குழம்பிவிட்டார்.

என்ன சொல்ல? ஊரில் முதலில் எங்கள் மொழியில் கைவைத்தார்கள். பிறகு கடை, வீடு. கடைசியில் ஆட்கள். அம்மாவும் தம்பியும் ஷெல் குண்டு விழுந்து போனார்கள். அவர்களை என் கையால் புதைத்தேன், அவர்களுக்குக் 'காலஞ்சென்ற' போடுவேன். அபியின் அப்பாவை, இவரை, யுத்தம் முடிந்த அன்று அரசாங்க ஆமி பஸ்ஸில் ஏற்றியது, என் கண் முன்னால். "விசாரிச்சிட்டு விடுவம்." பஸ் நிறைய ஆட்கள், ஒருவரும் திரும்பவில்லை. அபிக்கு அப்போது எட்டு வயது. பிறகு அரசாங்க அலுவலகத்தில் மரணச் சான்றிதழ் தருகிறோம் என்றார்கள். கையெழுத்து வைக்கவில்லை. கூட்டிப்போனவன் சொல்லட்டும்.

ஏப்ரல் 15, புதன்

வெயில்! அச்சகத்திலிருந்து மாதிரி அழைப்பிதழ் வந்தது. அரக்குச் சிவப்பு, பொன் எழுத்து. இவர் பெயரும் என் பெயரும் பக்கத்தில் பக்கத்தில். "அம்மா, லுக்! அப்பான்ர பேர் எவ்வளவு வடிவு!" இரண்டு பேரும் குசினியில் ஆடினோம். சோறு அடிப்பிடித்தது. பரவாயில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

நிரூஷின் தாய், சம்பந்தி அக்கா வந்தார். கையில் அந்த மாதிரி அழைப்பிதழ். வடையைத் தொடவில்லை.

"தங்கச்சி, கோவிக்காதையும். பேர் கிடக்கு, ஆள் எங்கை எண்டு முந்நூறு சனமும் கேக்கும். 'காலஞ்சென்ற' போட்டா ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

கலியாணம் குழம்பிவிடுமோ? ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"கேக்கட்டும் அக்கா. பதினேழு வருசமா நான் ஒருத்திதான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அச்சகத்துக்குப் போன் அடித்தார்.

"தம்பி, முந்நூறு அழைப்பிதழ் காணாது. நானூறா அடியும். பேர் அப்பிடியே இருக்கட்டும்."