தெரிந்த பிறகு

8.3.82, திங்கள்
காலை ஏழு மணிக்கே கரண்ட் போய்விட்டது. தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. என்னிடம் வரும் பதினோரு பிள்ளைகளும் குர்ஆன் ஓதியது தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். ராபியா புதுப் பாடம் எடுத்தாள். அவள் அக்கா ஜெய்நம்புவைப் போலவே சுருக்காகப் பிடித்துக்கொள்கிறாள். ஜெய்நம்பு என்னிடம் ஓதி முடித்து, கல்யாணமாகி, இப்போது வாசுதேவநல்லூரில் இருக்கிறாள்.

பக்கத்து வீட்டுக்கு வாடகைக்கு வந்திருக்கும் ஆமினாள் வாசலில் நின்று ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். மேலப்பாளையத்துப் பெண். புருஷனுக்குத் தாலுகா ஆபீஸில் வேலை. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். நல்ல பெண்.

11.3.82
நல்ல பெண்ணா அவள்?

வட்டிலப்பம் கொண்டுவந்தாள். பிள்ளைகள் போகட்டும் என்று காத்திருந்து, "மாமி, தப்பா எடுத்துக்கிடாதீங்க" என்று ஆரம்பித்தாள். "பிள்ளைங்க 'குல்'னு ஓதுதாங்கள்ளா. 'சொல்லு'ன்னு அர்த்தம் வரணும். அவங்க ஓதுத ஓசையில 'தின்னு'ன்னு வருது."

எனக்கு விளங்கவில்லை. தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். அரபியில் காஃப் இரண்டு. ஒன்று நம்முடைய 'க' மாதிரி. இன்னொன்று நாக்கின் வேரிலிருந்து, உள்நாக்கை ஒட்டி எழும்ப வேண்டுமாம். எழுத்து இரண்டு என்று எனக்குத் தெரியாதா? சிறு வயதிலிருந்து பார்க்கிற எழுத்து. ஓசையும் இரண்டு என்று உம்மா சொல்லித் தரவில்லை.

"எங்க உம்மா எனக்கு இப்படித்தான் ஓதித் தந்தா. அவளுக்கு அவ உம்மா" என்றேன்.

அவள் எழுந்து போய்விட்டாள்.

அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்குமா? எனக்கு நாற்பத்து நாலு. பன்னிரண்டு வருடமாக இந்தத் தெருவுக்கே ஓதிக்கொடுக்கிறேன். வட்டிலப்பத்தை நான் தொடவில்லை. என் வீட்டுக்காரர்தான் இரண்டு துண்டு தின்றார்.

12.3.82
குல். குல். குல். அடுக்களையில் நின்று சொல்லிப் பார்த்தேன். இருமல்தான் வந்தது.

20.3.82, சனி
ஒரு வாரமாக 'குல்' வருகிற இடமெல்லாம் தானாகக் காதில் விழுகிறது. தின்னு, தின்னு, தின்னு. பிள்ளைகள் தலையை ஆட்டி ஆட்டி, எத்தனை ஆசையாக ஓதுகிறார்கள்! எனக்கு உட்கார முடியவில்லை. பாதியில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். மறுபடியும் எழுந்தேன்.

மதியம் ஆமினாள் வீட்டுக்குப் போனேன். படி ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன்.

"நீ யாருட்ட ஓதுன?"

"எங்க பெரியம்மாட்ட மாமி. தஜ்வீது மட்டும் ரெண்டு வருசம்."

தஜ்வீது என்றால் ஓதுவதற்குள்ள சட்டம். எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது, எதை எவ்வளவு இழுப்பது, எங்கே மூக்கால் முழங்குவது, எங்கே நிறுத்துவது என்று எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறதாம். உம்மா சொன்னதெல்லாம் ஒன்றுதான்: அதபாக, மரியாதையோடு ஓது, அவசரப்படாதே.

"எனக்குச் சொல்லித் தருவியா? யாருக்கும் தெரிய வேணாம்."

"நான் போயி உங்களுக்கு எப்படி மாமி..."

"தருவியா, மாட்டியா?"

5.4.82
மதியம் லுஹர் தொழுது முடித்ததும் போகிறேன். அந்த நேரம் எல்லாத் தறியும் ஓடும். நாங்கள் என்ன கத்தினாலும் வெளியே கேட்காது.

இன்று 'அஹத்'. நான் 'அஹது' என்றேன். உகரம் கூடாதாம். சரி என்று 'அஹத்' என்று நிறுத்தினேன். அதுவும் இல்லையாம்.

"'து'ன்னு முடிக்கவும் கூடாது மாமி, 'த்'துன்னு செத்துப் போகவும் கூடாது. பந்து தரையில பட்டு எழும்பும்லா, அப்படி."

எழும்பவில்லை. நாற்பது தடவை சொன்னேன். எந்த வார்த்தையையும் ஓர் உகரத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தே பழகின நாக்கு. கரண்டு, பஸ்சு, அஹது. இதை இனிமேல் என்ன செய்வது?

19.4.82
முழங்குவதற்கு இரண்டு விரல் மடக்குகிற நேரம். நீட்டுவதற்கு நாலு விரல்.

"என்னட்டி, விரலை மடக்கிக்கிட்டே ரசம் வைக்க?" என்று கேட்டார் அவர். சொல்லிவிட்டேன். "நாப்பத்தி நாலு வயசுல உனக்கு என்னத்துக்கு இது?" என்றார்.

தெரியலையே. எனக்கே தெரியலை.

2.5.82, ஞாயிறு
காஃப் வந்தது! ஒரே ஒரு தடவை. அடித்தொண்டையில் ஏதோ மூடித் திறந்தது மாதிரி. ஆமினாள் கைதட்டினாள். "இதான் மாமி, இதேதான்!"

நான் அழுதேன். பாவம், அவள் சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டாள்.

உம்மா கடைசி மூன்று நாள் பேச்சில்லாமல் கிடந்தபோதும் அவள் உதடு ஓதிக்கொண்டுதான் இருந்தது. குல் என்றுதான் ஓதியிருப்பாள். எந்த குல்? ஒரு வக்து விடாமல் தொழுதவள். அவள் தொழுததெல்லாம் என்ன ஆச்சு?

இதை யாரிடம் கேட்பேன்.

4.5.82
பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டு வரச் சொல்லி வீட்டுக்காரரை அனுப்பினேன். அசர் தொழுதுவிட்டு வந்தார். சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"தெரியாம ஓதுனவங்க மேல குத்தம் கெடையாதாம். அவங்க ஆசைக்கும் பட்ட பாட்டுக்கும் கூலி உண்டாம். தெரிஞ்ச பொறவும் திருத்தாம விட்டாத்தான் கேள்வின்னு சொன்னாரு."

அல்ஹம்துலில்லாஹ். உம்மா தப்பித்துவிட்டாள்.

நான்?

மார்ச் மாதத்திலிருந்து எனக்குத் தெரியும். மதியம் ஒரு மாதிரி ஓதுகிறேன்; காலையில் பிள்ளைகளுக்குப் பழைய மாதிரியே ஓதிக்கொடுக்கிறேன். ஒரே வாய். இந்த இரண்டு மாதத்துக்கு நான் தெரியாதவள் இல்லை.

9.5.82
சொல்ல வேண்டும். நாளைக்கே. சொன்னால் இந்த வீட்டுக்கு யார் வருவார்கள்?

10.5.82, திங்கள்
பிள்ளைகளிடம் சொன்னேன். "இம்புட்டு நாளும் நான் சொல்லித் தந்ததுல தப்பு இருக்கு மக்கா. முதல்ல இருந்து படிப்போம். நானும் உங்க கூடப் படிக்கேன்." பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

பத்து மணிக்கு மைமூனம்மாள் வந்தாள். ஜெய்நம்புவுக்கும் ராபியாவுக்கும் உம்மா. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என் மூத்தவ ஓதி முடிச்சதுக்கு ஊரைக் கூட்டிச் சீனி கொடுத்தேன். இன்னைக்கு வந்து தப்புங்கியே, அது அம்புட்டும் தப்பா?"

"அவ மேல தப்பு இல்ல மைமூன். எனக்குத் தெரியல. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி..."

"தெரியாட்டா எதுக்குப் பலகையைப் போட்டு உக்காந்த?"

தறிச் சத்தத்தையும் மீறி அவள் குரல் கேட்டது. ஆமினாள் தன் வாசலுக்கு வந்தாள். உள்ளே போ என்று கண்ணைக் காட்டினேன்.

11.5.82
ஐந்து பேர் வந்தார்கள். ராபியா வரவில்லை.

18.5.82, செவ்வாய்
நேற்று ஒருவர் சொன்னார், ஜெய்நம்பு வாசுதேவநல்லூரில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறாளாம். அதைக் கேட்டதிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. காலையில் பஸ் ஏறிவிட்டேன். வழியெல்லாம் வெயில். திரும்பிப் போய்விடலாம் என்று புளியங்குடியில் இறங்கப் பார்த்தேன். கண்டக்டர் "இது உங்க ஊர் இல்லையேம்மா" என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

ஜெய்நம்பு இடுப்பில் பிள்ளையோடு ஓடிவந்தாள். உட்காருவதற்குள், "மாமி, இங்கன நாலு பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கேன். நீங்க சொல்லித் தந்தபடியே, ஒரு எழுத்து மாறாம" என்றாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? காபி குடித்தேன். பிள்ளையை வாங்கிக் கொஞ்சினேன். காபி ஆறிய பிறகும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு சொன்னேன். எல்லாவற்றையும். அவள் உம்மா வந்து பேசியதை மட்டும் சொல்லவில்லை.

அவள் முகம் சுருங்கியது. பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். போச்சு என்று நினைத்தேன்.

"இதைச் சொல்லவா இம்புட்டுத் தூரம் பஸ்ல வந்தீங்க?"

"ஆமா."

"வாங்க, அடுக்களைக்குப் போவோம். எங்கன பொறக்குது அந்த எழுத்து? வாயைத் திறந்து காட்டுங்க."

திறந்து காட்டினேன். அவளும் திறந்தாள். அவள் மாமியார் எட்டிப் பார்த்து, "ரெண்டு பேருக்குமா பல்வலி?" என்றாள். ஜெய்நம்பு சிரித்த சிரிப்பில், இடுப்பில் தூங்கிப்போயிருந்த பிள்ளை முழித்துக்கொண்டது. எனக்கும் அடக்க முடியவில்லை. எத்தனை நாள் ஆயிற்று சிரித்து.

சாயங்காலம் வரை இருந்தேன். என்னைவிடச் சீக்கிரம் அவளுக்குக் காஃப் வந்துவிட்டது.

2.7.82
நோன்பு. ஆறு பேர் வருகிறார்கள். பாடம் மெதுவாகத்தான் போகிறது. ஒரு பக்கம் ஓதிய நேரத்தில் இப்போது இரண்டு வரி.

2.8.82, திங்கள்
ஆமினாள் போகிறாள். அவள் புருஷனுக்கு ராமநாதபுரத்துக்கு மாற்றல் ஆகிவிட்டது. நாளைக்கு ஆடித்தபசுத் திருவிழா, ஊருக்குள் கால் வைக்க இடமில்லை. சாமான் ஏற்ற வந்த லாரி தெருவுக்குள் வர முடியாமல் மதியம் வரை ரோட்டிலேயே நின்றது. அந்த நேரத்தையும் விடாமல் வெறும் தரையில் உட்கார்ந்து எனக்குப் பாடம் சொன்னாள்.

ளாத் என்ற எழுத்து இன்னும் வரவில்லை. நாக்கின் ஓரம் கடைவாய்ப் பல்லைத் தொட வேண்டும். தொடுகிறது; ஆனால் ஓசை வரவில்லை.

"எனக்கே சில நேரம் வராது மாமி. விட்டுராதீங்க."

"இனிமே தப்புன்னா யாரு சொல்லுவா?"

அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு ஓதிக்கொடுத்தவள் என் கையை ஒற்றிக்கொள்கிறாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? லாரி போய்விட்டது.

14.8.82
பக்கத்து வீட்டில் பூட்டு. மதியம் ஆனால் கால் தானாக அங்கே கிளம்புகிறது.

6.9.82, திங்கள்
காலையில் கதவைத் திறந்தால் படியில் ராபியா. குர்ஆனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"உம்மா அனுப்பினாளா?"

"அக்கா பத்து நாளா வீட்ல இருக்கா. எனக்கும் உம்மாவுக்கும் ஓதிக் காட்டுனா. இன்னைக்கு உம்மாவே எனக்குத் தல சீவி அனுப்பிவிட்டா."

பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தாள். நான் ஓதினேன், பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். மூன்றாவது வரியில் ராபியா மட்டும் சொல்லவில்லை. கேட்டதும் தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"மாமி, அங்கன நீங்க இழுக்கல."

மற்றப் பிள்ளைகள் தலையை நிமிர்த்தினார்கள்.

"எங்கன?"

வரியில் விரலை வைத்துக் காட்டினாள். ஆமாம். பாதியிலேயே விட்டிருந்தேன்.

"சரிதான் மக்கா" என்று சொல்லிவிட்டு, வரியை முதலிலிருந்து ஓதினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.