சேற்று நடை

நவ. 2, ஞாயிறு

விடியும்போதே தூறல். நேற்றுப் போட்ட துணி இன்னும் ஈரம். இரண்டாம் ஆண்டு விடைத்தாள் 41 பாக்கி. குடைக்குக் கம்பி மாற்ற வேண்டும். சென்னை ஆஸ்பத்திரிக்கு மறுபடி போன் செய்ய வேண்டும்.

பத்து மணிப் படகில் தம்பி வீட்டுக்கு. கன்னியப்பன் வலைக்குப் போயிருந்தான். அவன் மனைவி தேசம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் யமுனாவைப் பாயில் படுக்கவைத்து, முட்டியை நீட்டிப் பிடித்து, பாதத்தை மேல்நோக்கித் தள்ளிப் பார்த்தேன். ஆகஸ்டில் நேராக வந்தது. இன்று வலது பாதம் ஒரு விரல் அளவு முன்னாலேயே நின்றுவிட்டது. இடது பரவாயில்லை. மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் அதே.

"இன்னா அத்த, மார்க்கு போட்டியா?" என்றாள். பத்து வயது.

தேசம்மா: "எம்மாம் மார்க்கு அண்ணி?"

பாஸ் என்றேன். பொய்.

பொன்னேரி எலும்பு டாக்டர் சொன்னது இதுதான்: கையால் நேராக்கினால் பாதம் நேராகிறவரைக்கும் நல்லது, இறுகிவிட்டால் பெரிய வேலை. அவர் சந்தேகப்படுவது நரம்பு. கை கால் நுனிக்குப் போகும் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்துபோகிற, குடும்ப வழியில் வருகிற நோய். உறுதி செய்ய வேண்டியது சென்னை நரம்புப் பிரிவு. அவர்கள் கொடுத்திருக்கும் தேதி மார்ச். அதுவரை பாதம் காத்திருக்குமா?

நவ. 4, செவ்வாய்

மழை இல்லை. கல்லூரியில் மின்சாரமும் இல்லை. விடைத்தாள் 22.

ஆஸ்பத்திரி போன்: மூன்று முறை மணி அடித்து நின்றது. நான்காவதில் ஒரு பெண். "வரிசைப்படிதாங்க மேடம். யாராவது வரலேன்னா சொல்றோம்." சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தேன். நம்பரைக் கொடுத்தேன்.

டச்சுக் கல்லறை வழியாக நடந்து வந்தேன். கேட் பூட்டியிருந்தது. போன வருடம் யமுனாவை அதற்குள் கூட்டிப்போயிருக்காவிட்டால் இன்னும் தெரிந்திருக்காது. இங்கே ஏரிக்கரைப் பிள்ளைகள் எல்லாருமே முட்டியைத் தூக்கித் தூக்கித்தான் நடப்பார்கள். சேற்றில் கால் புதையாமல் எடுத்து வைத்துப் பழகிய நடை. அவளும் அப்படித்தான் என்று அவள் அப்பன், அம்மா, டீச்சர், விலங்கியல் எம்.எஸ்ஸி. படித்த நான், எல்லாருமே நினைத்தோம். இரண்டு வருடம். தடுக்கி விழுந்தால் "நெலத்தப் பாத்து நட." அவ்வளவுதான். அன்றைக்குக் கல்லறைக்குள், காய்ந்த கல் பலகைமேல், அதே நடை. முட்டி உயர்கிறது, பாதம் தொங்குகிறது, தப் என்று விழுகிறது. கல்லில் ஏது சேறு?

அந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நவ. 6, வியாழன்

இரண்டாவது வகுப்பு நடுவில் போன். எடுத்தேன், வகுப்பில் நான் எடுப்பதில்லை. ஆஸ்பத்திரி. யாரோ விலகிவிட்டார்கள். வரும் செவ்வாய், 11-ம் தேதி, காலை எட்டு மணி. "அம்மா அப்பா ரெண்டு பேரும் கட்டாயம் வரணும். அவங்களையும் டெஸ்ட் பண்ணணும். அப்பா வரலேன்னா பழைய தேதிக்கே வாங்க."

மாணவிகள் முன்னால் நின்றுகொண்டு நன்றி, நன்றி என்று இரண்டு தடவை சொன்னேன் போலிருக்கிறது. ஒருத்தி சிரித்தாள்.

மாலை கன்னியப்பனுக்குப் போன். தேதியைச் சொன்னதும்: "செவ்வாக்கெழம எனுக்குப் பாடுக்கா."

பாடு. ஏரி வாயில் வலை கட்டும் முறை. ஊர் சீட்டுப் போட்டு ஆளுக்கு நாள் தரும். விட்டால் அடுத்த சுற்றுதான். பொதுவளத்தைச் சண்டையில்லாமல் பங்கிடுவதற்கு நல்ல எடுத்துக்காட்டு என்று வருடாவருடம் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறேன்.

"மாத்திக்கோ."

"மாத்தணும்னா கோயிலாண்ட எல்லார் மின்னாடியும் நின்னு காரணம் சொல்லணும். சாவு, கண்ணாலம்னா ஒண்ணும் கேக்கமாட்டானுங்கோ. ஆஸ்பத்திரின்னா, பொண்ணுக்குதானே, நீ எதுக்குன்னு நோண்டுவானுங்கோ. நான் இன்னா சொல்றது? ரத்தத்துலயே கீதுன்னா? ரேவதிக்குப் பேசிகினு கீறோம்க்கா."

ரேவதி மூத்தவள். பத்தொன்பது. சுண்ணாம்புக்குளத்தில் பையன்.

அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதனால்தான் கோபம் வந்தது. வைத்துவிட்டேன்.

நவ. 7, வெள்ளி

எதிலும் மனம் இல்லை. வகுப்பில் ஒரே வரைபடத்தை இரண்டு முறை போட்டேன்.

முன் அறையைச் சுத்தம் செய்தேன். யமுனாவுக்குக் கட்டோ ஏதோ போட்டால் படகிலும் சேற்றிலும் கொண்டுபோக முடியாது. ஈரம் ஆகாது. டவுனில்தான் இருக்க வேண்டும். அதாவது இங்கே. ஜன்னல் பக்கம் கட்டில் போட்டால் தெரு தெரியும். பள்ளியும் பக்கம்.

எழுதும்போதே சந்தேகம் வருகிறது. சென்னைக்குத் துரத்துவது அவள் காலுக்காகவா, இந்த அறைக்காகவா?

இரண்டுக்கும் என்று வைத்துக்கொள்வோம். தூங்கப் போகிறேன்.

நவ. 9, ஞாயிறு

வெயில், பல நாளுக்குப் பிறகு. ஏரி தகடு மாதிரி. படகில் பேச்சு முழுக்க இறால். எனக்கு, என்ன சொல்ல வேண்டும் என்று கரை வரும்வரை ஒத்திகை.

தம்பி வீட்டில் இருந்தான். என்னைப் பார்த்ததும் வலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டான். தைக்க ஒன்றும் இல்லாத வலை.

உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். காலுறையையும். இவர்கள் முன்னால் வெறுங்காலோடு உட்கார்ந்து முப்பது வருடம் இருக்கும். விடுதியில் ஒருத்தி "உனக்கு என்ன, குதிரைக் காலா?" என்று கேட்ட நாளிலிருந்து மூடித்தான் வைத்திருக்கிறேன். உயர்ந்த வளைவு, சுருண்ட விரல்கள், கணுக்காலுக்கு மேலே கரண்டிக் காம்பு மாதிரி.

"நீ வர வேண்டாம். நான் போகிறேன். அப்பாவுக்குப் பதில் அத்தை. இதைக் காட்டுகிறேன்," என்றேன்.

தேசம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனுக்குமா? சொல்லவேயில்ல?"

"நீ கேட்கவில்லை."

"நைனா காலு மாரியே கீது."

நைனாவைப் பற்றி நாங்கள் பேசுவதே இல்லை. கரையில் நடந்தால் தள்ளாடுவார். படகிலிருந்து இறங்கும்போது விழுவார். குடிகாரன் என்றது ஊர். ஒரு சொட்டு குடித்தவரில்லை. கடைசியில் அவரே தலையாட்டிக்கொண்டு "ஆமா, ஏறிப்போச்சு" என்று சிரித்துவிடுவார். அது சுலபம். எனக்கு அப்போது பதினாறு. தெரு முனையில் அவரைக் கண்டால் வேறு வழியாகப் போவேன்.

இப்போது ஒரே ஒரு முறை அவர் பாதத்தைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. வேறு எதற்கும் இல்லை. பார்க்கத்தான்.

கன்னியப்பன் எழுந்து வெளியே போனான். சாப்பாட்டுக்கும் வரவில்லை. மூன்று மணிப் படகில் திரும்பினேன். நான் போனால் அவர்கள் ஒப்புக்கொள்வார்களா? போனில் அப்பா என்றுதானே சொன்னார்கள்.

நவ. 10, திங்கள்

ஆறே காலுக்கு தேசம்மா போன். மூச்சு வாங்கிக்கொண்டு.

நேற்று மாலை கோயில் முன்னால் கூட்டம். பெண்கள் உட்காரக் கூடாது. இவள் வலைக் குடிசை மறைவில் நின்று கேட்டிருக்கிறாள். அவள் சொன்னபடியே:

"‘இன்னாத்துக்கு மாத்தணும்?’னாங்கோ. ‘பொண்ண ஆஸ்பத்திரிக்கு இஸ்துகினு போவணும்’ன்னாரு. ‘பொம்பள போவட்டும், நீ போயி ஊசி போடப் போறியா?’னு ஒருத்தன். எல்லாம் சிரிச்சாங்கோ அண்ணி. இவுரு லுங்கிய முட்டிக்கு மேல சுருட்னாரு. ‘பாருங்கடா. எங்க நைனா காலு இது. குடிகாரன்னு சொன்னீங்களே, அந்தக் காலு. இப்போ எம் பொண்ணுக்கு. டாக்டரு என்னியும் பாக்கணும்ன்றாரு. குடுக்குறதுன்னா குடுங்க, இல்லேன்னா பாடும் வேணாம் ஒண்ணும் வேணாம்’ன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, சிரிச்சான் பாரு, அவனே ‘என் நாள எடுத்துக்கடா’ன்னுட்டான்."

"என்னைப் பற்றி?"

"உன் பேர எடுக்கவே இல்ல அண்ணி."

போனை வைத்தபிறகு அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. துடைத்தேன். என் காலை மட்டும் மறைத்திருக்கிறான். எதற்காக என்று அவனைக் கேட்கப்போவதில்லை.

நாளை: ரேஷன் கார்டு, ஆதார் (4 பேர்), பழைய எக்ஸ்ரே, புளிசாதம், தண்ணீர், யமுனாவுக்கு மாற்று உடை. முதல் பஸ்.

நவ. 11, செவ்வாய்

பஸ், ரயில், ஆட்டோ. ஏழு நாற்பதுக்கே போய்விட்டோம். டாக்டர் எங்களைப் பார்த்தபோது மணி பதினொன்றரை.

நரம்பு டாக்டர் இளம்பெண். என் மாணவி வயது இருக்கும். முதலில் நம்பிக்கை வரவில்லை. அவள் யமுனாவை நடக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். காலடி சத்தத்தை. அதன்பிறகு வந்தது.

யமுனா காலில் மின்சாரம் கொடுத்தார்கள். துள்ளினாள். "அவ்ளோதானா? கெளுத்தி முள்ளு இத்தவிட ஜோரா குத்தும்." அடுத்தது கன்னியப்பன். புயலில் கடலுக்குப் போகிறவன், கண்ணை இறுக மூடிக்கொண்டு "யம்மா" என்றான். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கேட்காமலே நானும் ஷூவைக் கழற்றினேன்.

முடிவு: அதேதான். தேசம்மா தவிர மூன்று பேருக்கும். எனக்கு மிதமாக. குணமாக்க மருந்து கிடையாது. ரத்தப் பரிசோதனை ஒன்று வெளியே போகும். ஆனால் பாதத்தைக் காப்பாற்றலாம். எலும்புப் பிரிவும் அதே கட்டிடம். கையோடு அனுப்பினாள். அந்த டாக்டர் பாதத்தைத் தள்ளிப் பார்த்தார், நான் தள்ளுகிற மாதிரியே. "இப்ப அறுவை வேண்டாம். மாவுக்கட்டு போட்டு வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா நீட்டிடலாம். அப்புறம் பாதத்தத் தாங்க ஒரு உறை, பயிற்சி. ஆறு மாசம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா வேற பேச்சு."

25-ம் தேதி சேர்க்கை. முதல் வாரம் வார்டில்.

ரயிலில் மூவரும் தூங்கினார்கள். யமுனாவின் தலை என் தோளில். பொன்னேரிக்கு முன்னால் எழுப்ப வேண்டியிருந்தது. எழுப்ப மனம் வரவில்லை. எழுப்பினேன்.

நவ. 16, ஞாயிறு

சுண்ணாம்புக்குளத்துக்காரர்கள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பொங்கலுக்கு அப்புறம் பார்க்கலாமாம். கோயில் கூட்டத்துச் செய்தி ஏரியைத் தாண்ட ஒரு வாரம்கூட ஆகவில்லை.

ரேவதி தலை சீவிக்கொண்டே: "வேணான்னா போறான். காலப் பாத்தா கண்ணாலம் பண்றான்?" கண் சிவந்திருந்தது. அவளுடைய பாதம் சாதாரணமாக இருக்கிறது. அவளையும் சோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை இன்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும். இந்த மாதத்துக்குள்.

தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. படகு வரை வந்தான். "தப்பு பண்ணிட்டேனாக்கா?" என்றான்.

இல்லை என்றேன். நிச்சயமாகத் தெரிந்து சொன்னதல்ல.

நவ. 20, வியாழன்

மழை. பஸ் ரோட்டில் முழங்கால் தண்ணீர், கல்லூரி விடுமுறை. கட்டில் வந்தது. தச்சர் மகனும் இன்னொருவரும் நனைந்துகொண்டே தூக்கி வந்தார்கள்.

மாலை தேசம்மா போன். வார்டு முடிந்ததும் யமுனா திருவொற்றியூரில் தேசம்மாவின் அம்மா வீட்டில் இருப்பாள். ஆஸ்பத்திரி பக்கம். வாரா வாரம் இவ்வளவு தூரம் அலைய வேண்டாம். "நீயும் வேலைக்குப் போற, அண்ணி. உனுக்கு எதுக்கு தொல்ல."

நியாயம். எந்தப் பக்கம் பார்த்தாலும் நியாயம்.

கட்டிலில் விடைத்தாள் கட்டுகளை அடுக்கினேன்.

நவ. 25, செவ்வாய். ரயில்

திரும்புகிறேன். இன்று கன்னியப்பனுக்கு மாற்றிக்கொண்ட பாடு, அதனால் நானும் தேசம்மாவும்தான் போனோம். கட்டு போட்டாயிற்று. இரண்டு காலுக்கும் முட்டிக்குக் கீழே. வலதை நீட்டும்போது அழுதாள், சத்தமில்லாமல். என் புடவை நுனியை வாயில் வைத்துக் கடித்தாள். இன்னும் ஈரமாக இருக்கிறது.

வார்டில் ஒருவர்தான் தங்கலாம். நர்ஸ் கேட்டபோது தேசம்மா என்னைப் பார்த்தாள், நான் யமுனாவைப் பார்த்தேன்.

"அம்மா இருக்கட்டும்," என்றாள் உடனே. பத்து வயதுப் பிள்ளை வேறு என்ன சொல்லும்? பிறகு, என் முகத்தில் எதையோ பார்த்தாளோ என்னவோ: "நீ பொதங்கெழம வா அத்த. நாளைக்கி இல்ல, அடுத்தது. கட்ட மாத்தும்போது. பொஸ்தகம் கொண்டாராத."

சரி என்றேன்.

புதன் எனக்கு நான்கு வகுப்பு. பையில் விடுப்புப் படிவம் ஒன்று இருந்தது. இப்போதே நிரப்பிவிடலாம் என்று எடுத்தேன். காரணம் என்ற இடத்தில் இருபது வருடமாக ‘சொந்த வேலை’ என்று மட்டுமே எழுதியிருக்கிறேன். இன்று ‘மகள் மருத்துவமனையில்’ என்று எழுதியிருக்கிறேன். பெட்டி குலுங்கி நின்றபோதுதான் கவனித்தேன். ‘மகள்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘தம்பி’யை நுழைத்தேன். இடம் போதவில்லை, எழுத்து மிகச் சின்னது. பொன்னேரி வந்துவிட்டது.